பெரிய ஆர்டர், சின்ன ஆர்டர்: ஃப்யூச்சர்ஸ் சந்தையின் நியாயம் பற்றி வேலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் நாலு கம்ப்யூட்டர் வைத்து ஷேர் தரகுக் கிளை நடத்துகிறேன், 14 வருஷமாக. காலையில் நிஃப்டி ஆட்கள் வருவார்கள், சாயங்காலம் ஆனால் தங்கம், வெள்ளி, கச்சா எண்ணெய் ஆட்கள். யார் வந்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "எவனோ பெரிய ஆள் பெரிய ஆர்டர் போட்டு விலையை இழுத்துட்டான் அண்ணே, நாம மாட்டிக்கிட்டோம், இதெல்லாம் நியாயமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஃப்யூச்சர்ஸே சூதாட்டம்தானே? அதில் நியாயம், அநியாயம் என்று என்ன பேச்சு?

ஃப்யூச்சர்ஸ் என்பது பின்னால் வரும் ஒரு தேதிக்கு இன்றைக்கே விலை பேசி முடிக்கும் ஒப்பந்தம். சூதாட்டமாக ஆடுகிறவர்கள் நிறைய, அது உண்மை. ஆனால் சந்தை அதற்காக உண்டானதல்ல.

ஆம்பூரில் ஷூ தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு முதலாளியை நினைத்துப் பாருங்கள். தோலுக்கும் கூலிக்கும் இன்றைக்கே ரூபாயில் கொடுத்துவிட்டார், வெளிநாட்டிலிருந்து டாலரில் பணம் வர மூன்று மாதம் ஆகும், அதற்குள் டாலர் 2 ரூபாய் இறங்கினால் அந்தச் சரக்கில் பார்த்த லாபம் மொத்தமும் போய்விடும். இன்றைய விலையை இப்போதே உறுதி செய்துகொள்ள அவருக்கு ஒரு வழி வேண்டும். டாலர்-ரூபாய் ஃப்யூச்சர்ஸ் 2008 ஆகஸ்டில் தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ.யில் வந்தது அதற்குத்தான். லாங்கு பஜாரில் 2 கிலோ தங்கத்தைக் கையிருப்பாக வைத்திருக்கும் நகைக்கடைக்காரருக்கும் இதே கவலை உண்டு. விலை இறங்கினால் பெட்டிக்குள் இருக்கும்போதே சரக்கு தேய்ந்துவிடும் என்பதால் பண்டங்களுக்கான எம்.சி.எக்ஸ். சந்தையில் ஃப்யூச்சர்ஸை விற்று வைத்துக்கொள்வார்.

இவர்கள் எல்லாரும் நம்பி வருவது அந்தத் திரையில் ஓடும் விலையை. அதில் ஒருவர் பொய்யைக் கலந்தால் ஆம்பூர் முதலாளியும் நகைக்கடைக்காரரும் பொய் விலைக்குக் கணக்குப் போடுகிறார்கள், ஃப்யூச்சர்ஸ் என்ற பேரையே கேள்விப்படாமல் கடையில் கம்மல் வாங்கப் போகும் அம்மா வரைக்கும் அது போகலாம். அதனால்தான் நியாயம் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு ஆர்டர் வந்ததும் விலை ஏன் அப்படித் துள்ளுகிறது?

திரையில் ஒரு விலை தெரிந்தால், அந்த விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். நேதாஜி மார்க்கெட்டில் தக்காளி கிலோ 30 என்று ஒரு கடையில் சொல்கிறார்கள், ஆனால் அந்தக் கடையில் இருப்பது 2 கூடை. வீட்டில் கல்யாணம், உங்களுக்கு 20 கூடை வேண்டும். அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று போகப்போக விலை ஏறும், கடைசிக் கூடை 38-க்குத்தான் கிடைக்கும். யாரும் உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்ட அளவுதான் விலையை ஏற்றியது.

வாங்க, விற்க வந்த ஆர்டர்கள் விலைவாரியாக நிற்கும் ஆர்டர் புக்கும் அப்படித்தான். கணக்குக்காக ஒரு விலையை வைத்துக்கொள்வோம். எம்.சி.எக்ஸ்.ஸின் சிறிய தங்க ஃப்யூச்சர்ஸான கோல்டு மினியில் ஒரு லாட், அதாவது குறைந்தபட்ச அளவு, 100 கிராம், விலை 10 கிராமுக்குச் சொல்வார்கள். 95,005-க்கு 10 லாட், 95,012-க்கு 15 லாட், 95,030-க்கு 25 லாட் விற்பனைக்கு நிற்கிறது. ஒருவர் 50 லாட்டை மார்க்கெட் ஆர்டராக, அதாவது கிடைக்கிற விலைக்கு வாங்கும்படி, போட்டால் மூன்றையும் துடைத்துக்கொண்டு போகும், அவருக்குச் சராசரி 95,019 ரூபாய் 60 காசு. முதல் விலையிலேயே எல்லாம் கிடைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட 7,300 ரூபாய் அதிகம். இதைத்தான் ஸ்லிப்பேஜ் என்கிறோம். பெரிய ஆர்டர் விலையை நகர்த்துகிறது, அந்த நகர்த்தலுக்கான கூலியை ஆர்டர் போட்டவரே கட்டுகிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எலக்ட்ரானிக் சந்தையின் அடிப்படை விதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல விலை சொன்னவருக்கு முதலிடம். ஒரே விலையைப் பலர் சொன்னால் முதலில் வந்தவருக்கு முதலிடம். 1 லாட் வைத்திருப்பவர் முன்னால் வந்து நின்றால் 500 லாட்காரர் அவர் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆள் முகம் பார்க்காத இந்த வரிசையை நான் மனதார மதிக்கிறேன். கை தூக்கிக் கத்தி வியாபாரம் நடந்த பழைய கூடங்களில் இந்தச் சமத்துவம் கிடையாது.

அப்படியானால் பெரிய ஆர்டர் போடுவதே தப்பா?

இல்லை. வாங்க வேண்டும் என்று வாங்குகிறவர் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், அனுமதித்த வரம்புக்குள்.

ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். 5 லட்ச ரூபாய்ச் சீட்டு, இந்த மாதம் ஒருவர் 80,000 தள்ளுக் கேட்கிறார், இன்னொருவர் 90,000. அவசரம் இருக்கிறவர் 1 லட்சம் தள்ளிச் சீட்டை எடுத்துப் போகிறார். கேட்டவர்கள் எல்லாரும் உண்மையிலேயே பணம் தேவைப்பட்டுக் கேட்டிருந்தால் அந்த 1 லட்சம் நியாயமான தள்ளு. ஆனால் 90,000 கேட்ட ஆளுக்குச் சீட்டை எடுக்கும் எண்ணமே இல்லை, மற்றவரை ஏற்றிவிடத்தான் கேட்டார், யாரும் மேலே கேட்கவில்லையென்றால் "நான் விளையாட்டுக்குக் கேட்டேன்" என்று எழுந்து போய்விடுவார் என்றால்? அந்தக் கூட்டத்தில் அவரை இரண்டாவது முறை உட்கார விடுவார்களா? சீட்டில் கேட்டால் எடுக்க வேண்டும், கேட்பது என்றாலே வாக்குக் கொடுப்பதுதான்.

திரையில் தெரியும் ஒவ்வொரு ஆர்டரும் அப்படி ஒரு வாக்கு. இந்த விலைக்கு, இத்தனை லாட், எதிரில் யார் வந்தாலும் முடித்துக்கொள்கிறேன் என்று பொருள். ஆர்டர் எத்தனை பெரியது என்று பார்த்து மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வாக்கு மெய்யா என்றுதான் கேட்பேன்.

ஸ்பூஃபிங் என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

மேலே சொன்ன கோல்டு மினியையே எடுத்துக்கொள்வோம். சந்தை 95,000-க்கும் 95,005-க்கும் நடுவில் ஓடுகிறது. ஒருவருக்கு 20 லாட் விற்க வேண்டும், ஆனால் 95,040-க்கு விற்க ஆசை. அந்த விலையில் அடக்கமாக 20 லாட் விற்பனை ஆர்டரை வைத்துவிடுகிறார். பிறகு கீழே 94,990, 94,985, 94,980 என்று மூன்று படியில் மொத்தம் 300 லாட் வாங்கும் ஆர்டர் போடுகிறார். இப்போது டெப்த்தை, அதாவது எந்த விலையில் எத்தனை லாட் நிற்கிறது என்று திரை காட்டும் பட்டியலை, பார்க்கிற எல்லாருக்கும் என்ன தோன்றும்? வாங்க இவ்வளவு பேர் நிற்கிறார்கள், விற்க ஆள் இல்லை, விலை ஏறப் போகிறது. மனிதர்களும் ஓடுவார்கள், டெப்த்தைப் படித்துத் தானாக ஆர்டர் போடும் ஆல்கோ மென்பொருள்கள் மனிதர்களுக்கு முன்னால் ஓடும். விலை 95,040-ஐத் தொட்டதும் அவருடைய 20 லாட் விற்றுவிடும். அடுத்த நொடி அந்த 300 லாட் காணாமல் போகும். கீழே தாங்க யாரும் இல்லாததால் விலை பழைய இடத்துக்கே இறங்கும், அவர் 95,000-க்குத் திரும்ப வாங்கிக்கொள்வார். லாபம் லாட்டுக்கு 400 ரூபாய் வீதம் 8,000. சின்னத் தொகையாகத் தெரியும், ஆனால் இதை ஒரு மென்பொருளிடம் கொடுத்து ஒரு நாளில் நூறு தடவை செய்யச் சொன்னால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அந்த 8,000 எங்கிருந்து வந்தது? 95,040-க்கு அவசர அவசரமாக வாங்கினவரின் பையிலிருந்து. உண்மையாகப் பெரிய ஆர்டர் போட்டவர் ஸ்லிப்பேஜைத் தானே கட்டினார் என்று சொன்னேனே, இங்கே 300 லாட்டைக் காட்டினவர் ஒரு பைசா கட்டவில்லை. நகர்த்தியவர் ஒருவர், கூலி கட்டியவர் வேறொருவர். என்னைப் பொறுத்தவரை அநியாயம் முழுக்க அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

ஒரே விலையில் போடாமல் இப்படிப் படிப்படியாக அடுக்கினால் லேயரிங் என்பார்கள். பேர் வேறானாலும் திருட்டு ஒன்றே.

ஆர்டரை ரத்து செய்வது குற்றமா? நானும் ஒரு நாளைக்குப் பத்து தடவை ரத்து செய்கிறேனே.

பயப்பட வேண்டாம். விலை மாறியது, மனசு மாறியது, தப்பாக டைப் அடித்தோம் என்று ரத்து செய்வது எல்லாருக்கும் உரிமை. ஆர்டர் போடும் நொடியிலேயே இதை நிறைவேற விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தால்தான் ஸ்பூஃபிங். அமெரிக்காவில் 2010-ல் வந்த டாட்-ஃப்ராங்க் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்தது: நிறைவேறுவதற்கு முன் ரத்து செய்யும் நோக்கத்தோடு ஆர்டர் கொடுப்பது குற்றம்.

மனசுக்குள் இருந்ததை எப்படி நிரூபிப்பார்கள் என்று கேட்பீர்கள். நடந்துகொண்ட விதத்தை வைத்துத்தான். ஒரு பக்கம் சின்ன ஆர்டர், எதிர்ப்பக்கம் பத்து மடங்கு பெரிய ஆர்டர், சின்னது நிறைவேறிய மறு நொடியே பெரியது ரத்து, இது ஒரே மாதிரி ஆயிரம் தடவை. அப்படி வந்தால் தற்செயல் என்று யாரும் நம்ப மாட்டார்கள். மைக்கேல் காஸ்கியா என்ற வணிகர் 2011-ல் சில வாரங்கள் இப்படிச் செய்ததற்கு, 2015 நவம்பரில் சிகாகோ நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அமெரிக்காவில் ஸ்பூஃபிங்குக்காக விழுந்த முதல் குற்றவியல் தீர்ப்பு அது, 3 வருஷம் சிறை. அவருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவரே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னார். பெரிய பேர்களும் தப்பவில்லை. தங்கம், வெள்ளி ஃப்யூச்சர்ஸிலும் அரசுக் கடன் பத்திரங்களிலும் வருஷக்கணக்கில் நடந்த ஸ்பூஃபிங்குக்காக ஜே.பி. மார்கன் 2020 செப்டம்பரில் 92 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. வெள்ளி வியாபாரம் செய்கிற நம்ம ஊர் ஆட்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். எம்.சி.எக்ஸ். வெள்ளி அமெரிக்கச் சந்தையின் விலையைப் பார்த்துத்தான் ஓடுகிறது, அங்கே கலந்த விஷம் இங்கே குடியாத்தத்தில் உட்கார்ந்திருப்பவரின் லாட்டிலும் வந்து சேரும்.

ஒரு ஆள் வீட்டிலிருந்தே அமெரிக்கச் சந்தையைக் கவிழ்த்தார் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 2010 மே 6 மதியம் அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் பாதாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தது, டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஏறக்குறைய 1,000 புள்ளி இறங்கியது. அதே வருஷம் செப்டம்பரில் வந்த அரசு அறிக்கை, ஒரு நிதி நிறுவனத்தின் மிகப் பெரிய விற்பனை ஆர்டரைக் காட்டியது: 75,000 இ-மினி (அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500-இன் ஃப்யூச்சர்ஸ்), மதிப்பு சுமார் 410 கோடி டாலர். சந்தையில் நடக்கும் வியாபாரத்தில் 9 சதவீதம் என்ற வேகத்தில் விற்கும்படி ஒரு ஆல்கோவிடம் கொடுத்தார்கள், விலையையும் நேரத்தையும் பார்க்கச் சொல்லவில்லை, 20 நிமிடத்தில் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. இதில் பொய் எதுவும் இல்லை, அவர்கள் உண்மையிலேயே விற்க வந்தவர்கள். பொறுப்பில்லாமல் விற்றார்கள், அவ்வளவுதான். மோசடி இல்லாமலும் பெரிய ஆர்டர் எவ்வளவு நாசம் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே நாளில் லண்டன் ஓரத்தில் ஹவுன்ஸ்லோ என்ற ஊரில், பெற்றோர் வீட்டு அறையில் உட்கார்ந்து நவிந்தர் சிங் சராவோ என்பவர் அதே இ-மினியில் ஸ்பூஃபிங் செய்துகொண்டிருந்தார். அவருடைய பெரிய விற்பனை ஆர்டர்கள் சந்தை விலைக்குக் கொஞ்சம் தள்ளியே நிற்கும்படி, விலை நகர நகர அவையும் நகரும்படி மென்பொருள் வைத்திருந்தார். 2015 ஏப்ரலில் கைதானார், 2016 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2020 ஜனவரியில் 1 வருஷம் வீட்டுக் காவல். அவர் சந்தையைச் சாய்க்கும் சுமையில் ஒரு பங்கைச் சேர்த்தார் என்று சொல்லலாம், அவர் ஒருவரே கவிழ்த்தார் என்பதை நான் ஏற்கவில்லை.

இங்கே இந்தியாவில் இதெல்லாம் பிடிக்கிறார்களா?

பிடிக்கிறார்கள், மெதுவாக. சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2003-ம் வருஷத்து மோசடி, நேர்மையற்ற வணிகத் தடை விதிகள் இருக்கின்றன. எம்.சி.எக்ஸ். போன்ற பண்டச் சந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எஃப்.எம்.சி. 2015 செப்டம்பரில் செபியோடு இணைந்தபின் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வந்தது. 2025 ஏப்ரலில் ஒரு தரகு நிறுவனம் பங்குகளில் ஸ்பூஃபிங் செய்ததாகச் சொல்லி 3.22 கோடி ரூபாயை முடக்கியது செபி.

ஆனால் என் அலுவலகத்தில் எல்லாரும் கேட்பது ஜேன் ஸ்ட்ரீட் விவகாரத்தைத்தான். 2025 ஜூலை 3 அன்று வந்த இடைக்கால உத்தரவில் அந்த அமெரிக்க நிறுவனத்தின் 4,843.57 கோடி ரூபாயைச் சட்டவிரோத லாபம் என்று செபி முடக்கியது. உத்தரவில் விரிவாகச் சொல்லப்பட்ட ஒரு நாள் 2024 ஜனவரி 17. அன்று காலை, வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி பலத்த சரிவோடு திறந்தது. செபி சொல்வதன்படி, காலையில் அவர்கள் பேங்க் நிஃப்டியில் உள்ள வங்கிப் பங்குகளையும் ஃப்யூச்சர்ஸையும் சுமார் 4,370 கோடிக்கு வாங்கிக் குவித்தார்கள், சரிந்த குறியீடு தூக்கி நின்றது. அதே நேரத்தில், குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தமான ஆப்ஷனில் அதைவிடப் பல மடங்கு பெரிய அளவில், குறியீடு இறங்கினால் லாபம் வரும் பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். மதியத்துக்கு மேல் வாங்கின பங்கையெல்லாம் விற்றார்கள், குறியீடு இறங்கியது. பங்கிலும் ஃப்யூச்சர்ஸிலும் 61.6 கோடி நஷ்டம், ஆப்ஷனில் 734.93 கோடி லாபம்.

இது ஸ்பூஃபிங் கிடையாது, கவனியுங்கள். எந்த ஆர்டரும் பொய்யாக ரத்தாகவில்லை, எல்லாம் உண்மையாக நிறைவேறியவை. ஒரு சந்தையில் 61 கோடியை வேண்டுமென்றே தொலைத்து இன்னொரு சந்தையில் 734 கோடி எடுத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. நிறுவனம் இதை மறுக்கிறது, குறியீட்டுக்கும் ஆப்ஷனுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தில் செய்யும் சாதாரண ஆர்பிட்ரேஜ் என்கிறது. முடக்கிய தொகையைக் கட்டிவிட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அந்த நிறுவனம் செய்ததா இல்லையா என்பதைத் தீர்ப்புச் சொல்பவர்கள் சொல்லட்டும். ஆனால் கேள்வி எழுந்ததே நல்லது. நஷ்டமாகும் என்று தெரிந்தே ஒரு பக்கம் வாங்குகிறவருக்கு இன்னொரு பக்கம் என்ன இருக்கிறது என்று கண்காணிப்பவர்கள் பார்த்தாக வேண்டும்.

ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி நாளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. செபி உத்தரவு பேசும் காலத்தில் குறியீட்டு ஆப்ஷனின் கணக்கு, பங்குகளின் கடைசி அரை மணி நேரச் சராசரியை வைத்துத்தான் தீர்ந்தது. அந்த அரை மணி நேரத்தில் மட்டும் பெரிய ஆர்டர்களைக் கொட்டி முடிவு விலையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்ற ஆசை பெரிய பணம் உள்ளவர்களுக்கு வரும். செபி உத்தரவில் இந்தக் குற்றச்சாட்டும் இருக்கிறது.

ஒரே ஆள் மொத்தச் சரக்கையும் மடக்கிவிட முடியுமா?

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே செய்திருக்கிறார்கள். 1955-ல் சிகாகோவில் வின்சென்ட் கொசுகா, சாம் சீகல் என்ற இரண்டு பேர் அங்கே இருந்த வெங்காயம் அத்தனையையும் ஏறக்குறைய தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள், பிறகு விலை இறங்கும் பக்கம் ஃப்யூச்சர்ஸ் விற்றுவிட்டு வெங்காயத்தைச் சந்தையில் கொட்டினார்கள். கோணிப்பையின் விலைகூட உள்ளே இருந்த வெங்காயத்துக்குக் கிடைக்கவில்லை. விவசாயிகள் கொதித்தார்கள், 1958-ல் வெங்காய ஃப்யூச்சர்ஸையே அமெரிக்கா தடை செய்தது, இன்றும் அந்தத் தடை இருக்கிறது. இங்கே 2012 மார்ச்சில் கொத்தவரை விதை, கொத்தவரைப் பிசின் ஃப்யூச்சர்ஸை நிறுத்தினார்கள், 2013-ல்தான் திரும்ப வந்தது.

ஒருவர் இத்தனை லாட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற பொசிஷன் லிமிட் இதற்காகத்தான். சரக்கு குறைவாக உள்ள பண்டங்களில் மடக்குவது சுலபம், தங்கத்தில் கடினம்.

மல்லாட்டை (நிலக்கடலை) விளைவிக்கும் நம்ம பக்கத்து விவசாயிக்கு இந்தக் கதை புதிதல்ல. கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, மூட்டையைக் கொண்டுபோய் வரிசையாக அடுக்கி வைப்பார், வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள், அதிகம் எழுதியவருக்குச் சரக்கு. அந்தச் சீட்டை எழுதிப் போட்டபின் எடுத்துக் கிழிக்க முடியாது. ஆனால் வந்த நாலு வியாபாரிகளும் முன்கூட்டியே பேசிக்கொண்டு வந்திருந்தால் பெட்டி இருந்தும் பயனில்லை. கம்ப்யூட்டர் திரையானாலும் கமிட்டிப் பெட்டியானாலும் எதிர்ப்பக்கம் உண்மையான போட்டி இருந்தால்தான் விலை உண்மையாக இருக்கும்.

ஐஸ்பெர்க் என்று ஆர்டரை மறைத்துப் போடுகிறார்களே, அது மட்டும் நியாயமா?

நியாயம்தான். பொய்கை சந்தையில் செவ்வாய்க்கிழமை போய் நின்று பாருங்கள், மாட்டுத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் துண்டுக்குள் சொன்ன விலைக்கு மாடு கை மாறும். 500 லாட் வாங்க வேண்டியவர் முழுசையும் காட்டினால் சந்தை அவர் முன்னால் ஓடிவிடும், அதனால் 20, 20-ஆக வெட்டிப் போடுகிறார். காட்டுகிற 20 உண்மையானது, வந்து இடித்தால் நிறைவேறும். இருப்பதை மறைப்பது வியாபாரம், இல்லாததைக் காட்டுவது மோசடி. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் இந்தப் பேச்சில் பாதிக் குழப்பம் தீரும்.

பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலேயே இருக்கிறதாமே?

ஆமாம், கோ-லொகேஷன். காசு கட்டினால் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குள்ளேயே சர்வர் வைக்கலாம். விதிப்படி சரி, கட்டணம் கட்டும் எல்லாருக்கும் ஒரே நீளக் கேபிள் என்கிறார்கள். ஆனால் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற வரிசையில், வாசலிலேயே வீடு கட்டிக்கொண்டவரோடு காட்பாடியிலிருந்து கிளம்பி வருகிறவர் ஓட முடியாது. என் ஆலோசனை ஒன்றுதான், அந்த ஓட்டப்பந்தயத்தில் இறங்காதீர்கள். நொடியில் வாங்கி நொடியில் விற்கும் வியாபாரம் நமக்கு இல்லை.

என் ஸ்டாப் லாஸைப் பார்த்து வேண்டுமென்றே வந்து தட்டிவிட்டுப் போகிறார்களா?

வாரத்துக்கு ஐந்து பேராவது கேட்கிறார்கள். ஸ்டாப் லாஸ் ஆர்டர், அதாவது விலை நாம் சொன்ன இடத்தைத் தொட்டால் நஷ்டத்தை நிறுத்த வெளியேற்றிவிடும் ஆர்டர், தூண்டப்படும் வரை டெப்த்தில் யாருக்கும் தெரியாது, தனியாகத்தான் கிடக்கும். உங்கள் பேரைப் பார்த்து யாரும் வரவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி யோசிக்கிறோம்: நேற்றைய அடிவிலைக்குக் கீழே 5 ரூபாய், முழு எண்ணுக்குக் கீழே 10 ரூபாய். அங்கே ஒரு குவியல் இருக்கும் என்று பெரிய ஆட்களுக்குப் பார்க்காமலே தெரியும். ஆள் குறைந்த நேரத்தில் கொஞ்சம் தள்ளினால் குவியல் வெடிக்கும், விலை சரசரவென்று இறங்கும், அவர்கள் அங்கே வாங்கிக்கொள்வார்கள்.

எனக்கே நடந்தது. ஒரு டிசம்பர் மாதம், இரவு 11 மணிக்கு மேல், சில்வர் மினி 2 லாட். கீழே வாங்கும் பக்கம் பெரிய சுவர் மாதிரி ஆர்டர் நின்றதைப் பார்த்து தைரியமாக வாங்கினேன். இரண்டு நிமிஷத்தில் சுவர் மறைந்தது, ஸ்டாப் லாஸை மார்க்கெட் ஆர்டராக வைத்திருந்ததால் நான் நினைத்ததைவிட ரொம்பக் கீழே போய் வெட்டியது. அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. யார் செய்தார், செய்தார்களா என்பதற்கே என்னிடம் சான்று இல்லை, ஆனால் அன்றிலிருந்து திரையில் தெரியும் சுவரை நம்பி ஒரு லாட்கூட வாங்கினதில்லை. ஆப்ஷன்களில் இந்த ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டரையே 2021 செப்டம்பரில் என்.எஸ்.இ. நிறுத்திவிட்டது.

சரி, நான் என்னதான் செய்யலாம்?

மார்க்கெட் ஆர்டரை விட்டுவிடுங்கள், நீங்களே விலை வரம்பு சொல்லும் லிமிட் ஆர்டர் போடுங்கள். கிடைக்காமல் போனால் போகட்டும், நாளைக்கும் சந்தை இருக்கும். ஸ்டாப் லாஸுக்கும் விலை வரம்பு வையுங்கள். வேகமாக விழும் நாளில் அது நிறைவேறாமல் போகவும் வாய்ப்பு உண்டு, அதைத் தெரிந்தே வையுங்கள்.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கிற காண்ட்ராக்ட் பக்கமே போகாதீர்கள். தூரத்து மாதத்து காண்ட்ராக்ட்டில் பத்து லாட் போதும் விலையை ஆட்ட. ஓப்பன் இன்ட்ரஸ்ட், அதாவது இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்கள், எவ்வளவு என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். எக்ஸ்பைரி அன்று கடைசி அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், நான் என் வாடிக்கையாளர்களைக் கெஞ்சியே சொல்கிறேன்.

டெப்த்தில் தெரியும் அளவு வெறும் பேச்சு. நடந்து முடிந்த வியாபாரத்தின் அளவு மட்டும்தான் நடந்தது. இரண்டில் எதை நம்புவது என்று சந்தேகம் வந்தால் நடந்ததை நம்புங்கள்.

ஏதோ தப்பு நடந்தது என்று சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது?

காண்ட்ராக்ட் பெயர், நிமிஷம் வரைக்கும் சரியான நேரம், ஸ்க்ரீன்ஷாட், தரகர் தரும் ரசீதான காண்ட்ராக்ட் நோட், இந்த நான்கும் கையில் இருக்கட்டும். உங்கள் தரகர் தவறு செய்திருந்தால் முதலில் அவருக்கே எழுத்தில் கொடுங்கள், தீரவில்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடுங்கள், 21 நாளுக்குள் பதில் நடவடிக்கை வர வேண்டும் என்பது விதி. சந்தையில் யாரோ விலையை ஆட்டினார்கள் என்பது வேறு வகை. அதை எக்ஸ்சேஞ்சின் கண்காணிப்புப் பிரிவுக்கு எழுதலாம், ஒவ்வொரு ஆர்டரும் ரத்தும் அவர்கள் பதிவில் இருக்கும், நீங்கள் சொல்லும் நேரத்தை வைத்துத் தேட முடியும். ஆனால் உங்கள் நஷ்டம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்து எழுதாதீர்கள்.

என் மகன் கல்லூரியில் படிக்கிறான், போனில் ஆப்ஷன் வாங்கி விற்கிறான். பெரிய ஆட்கள் ஏமாற்றியதால்தான் நஷ்டம் என்கிறான். நம்பலாமா?

போன மாதம் பாகாயத்திலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டது. அம்மா, பெரிய ஆட்களின் மோசடி உண்மை, மேலே அவ்வளவு எழுதினேன். ஆனால் மோசடியே நடக்காத நாளிலும் சின்ன ஆட்கள் தோற்கிறார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போனது என்று செபியின் ஆய்வே சொல்கிறது. அடுத்த வருஷக் கணக்கிலும் 91 சதவீதம். 2024 நவம்பரில் குறியீட்டு காண்ட்ராக்ட்டின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியதும், ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு வார எக்ஸ்பைரிதான் என்று குறைத்ததும் இந்தப் பிள்ளைகளைக் கொஞ்சம் தடுக்கத்தான்.

அவனைத் திட்ட வேண்டாம். தரகர் தளத்திலிருந்து ஒரு வருஷத்து லாப நஷ்ட அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள், கட்டணம், வரி எல்லாம் சேர்த்தது. அதை அச்சடித்துக்கொண்டு சனிக்கிழமை காலை அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சந்தை மூடியிருக்கும், பேச நேரம் இருக்கும். ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பார்ப்போம், எந்த நஷ்டம் யாரால் வந்தது என்று.